மஸ்ஜித் தானா திடலில் ராக்கெட் விட்ட நாள்

மலாக்கா பக்கத்தில் மஸ்ஜித் தானா என்ற ஊரின் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் அண்ணன் சைக்கிளில் போகமாட்டார். பக்கத்து ஊரான லூபோக் சீனாவிலிருந்து வரும் சாலை அந்த வாசலை ஒட்டித்தான் கடைத்தெருவுக்குள் நுழையும். அண்ணன் அதற்கு முன்பே திரும்பி, மலாய்க்காரர் கிராமமான கம்போங்குக்குள் போகும் மண்பாதையில் சுற்றிக்கொண்டு, பள்ளிவாசல் பக்கமாக வந்து சேருவார். கேட்டால், "அந்தப் பக்கம் நெழலா இருக்கு லா" என்பார்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்த புதிதில், ஒரு விடியற்காலை ராணுவம் எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி வளைத்தது. ஆண்களை எல்லாம், அப்பா கிராணியாக எழுத்து வேலை பார்த்த ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்கு மாட்டி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த ஓர் ஆள்காட்டியை லாரியிலிருந்து இறக்கினார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, அண்ணன் முன்னால் நின்று தலையாட்டினான். அண்ணனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் தமிழிலும் மலாயிலும் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. மஸ்ஜித் தானா லாக்கப்பில் சில வாரங்கள், பிறகு எங்கோ ஒரு முகாமில் பல மாதங்கள். காரணம் சொல்லாமல் பிடித்துப் போனார்கள், காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தவருக்கு எஸ்டேட்டில் வேலை கிடைக்கவில்லை. மலாக்கா டவுனில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, லூபோக் சீனாவில் சீனர் மளிகைக் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து, வாசலில் பலகை மாட்டினார். நான் அப்போது எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பள்ளி விட்டதும் பஸ் பிடித்துக் கடைக்குப் போய், அண்ணனுக்குச் சோறு கொடுத்துவிட்டு, மாலையில் இருவரும் ஒரே சைக்கிளில் வீடு திரும்புவோம்.

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சில வாரங்களில் ரஷ்யாக்காரன் வானத்தில் ஒரு கோளை விட்டான். அது போடும் சத்தத்தைச் சிற்றலையில் கேட்கலாம் என்று பத்திரிகையில் வந்தது. அண்ணன் கடையில் இருந்ததிலேயே பெரிய ரேடியோவைத் திறந்துபோட்டு, கம்பி இழுத்துக் கூரையில் கட்டி, பொழுதெல்லாம் திருகிக்கொண்டிருந்தார். ஒரு மாலையில் அது சிக்கியது. சின்னக் குருவி விடாமல் கூப்பிடுவதுபோல ஒரு கீச்சு. மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கே, மீன் வாங்க வந்த பெண்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் யாரும் நகரவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், அலோர் காஜாவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவை வாங்க வந்தவர். அவரை எல்லோரும் சார் என்போம். இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதைப் பாரும். மலாக்காவில விளையாட்டுச் சாமான் கடையில கண்டன். இங்கிலாந்துச் சாமான்."

கட்டை விரல் அளவில் ஓர் அலுமினியக் குப்பி. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் ஊசித் துளை.

"என்ன சார் இது, பேட்டரியா?"

"பேட்டரி இல்லை. ராக்கெட் மோட்டார். உள்ளுக்குள்ள ஒரு மருந்து வில்லை இருக்கும். திரியைக் கொளுத்தினால் புகை பின்னால போகும், இது முன்னால போகும்."

அண்ணன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. டிபன் கேரியரை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனேன்.

எங்கள் ராக்கெட் கழகம் அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூட ரேடியோவை ரிப்பேருக்குக் கொண்டு வந்த மஸ்ஜித் தானா மலாய்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், மேசையில் கிடந்த காகிதக் குழாயைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்த பிறகு ரேடியோவை மறந்தே போனார். அவரை நாங்கள் சிக்கு என்று கூப்பிடுவோம். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் தன் பள்ளி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, போட்டி வைப்போம், நாங்கள் மஸ்ஜித் தானா அணி என்றார். நாங்கள் லூபோக் சீனா அணி. அதாவது அண்ணன், சார், நான்.

வரைபடத் தாளைக் குழாயாகச் சுற்றி, கஞ்சிப் பசை தடவிக் காயவைத்தால் ராக்கெட்டின் உடம்பு. லேசான ஜெலுத்தோங் மரத்தைச் சீவி வால் சிறகுகள். மூக்குக் கூம்பையும் அதே மரத்தில் அண்ணன் இழைத்தார். ராக்கெட் உச்சிக்குப் போய்த் தலைகுப்புறக் கவிழும்போது கூம்பு கழன்று, உள்ளே மடித்து வைத்த துணிக்குடை வெளியே வந்து விரிய வேண்டும். குடை தைப்பது என் வேலை. முதலில் சிவப்புப் பட்டில் தைத்தேன். பச்சை ரப்பர் மரங்களுக்கு மேலே சிவப்பு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்.

எல்லாம் தயாரான பிறகும் ஒன்றையாவது கொளுத்திப் பார்க்கச் சார் சம்மதிக்கவில்லை. "நான் அரசாங்க உத்தியோகத்தன். ஆரும் பார்த்திட்டு, காட்டுக்குள்ள இருக்கிறவைக்குச் சிக்னல் குடுக்கிறாங்கள் எண்டு சொன்னால் என்ன செய்யிறது? போலீசிட்ட கேட்டுத்தான் விட வேணும்." எங்கள் வட்டாரத்தில் கெடுபிடிகள் தளர்ந்திருந்தன. ஊரடங்கு இல்லை, சோற்றுப் பொட்டலத்தோடு எஸ்டேட் கேட்டைத் தாண்டினால் சோதனை இல்லை. ஆனாலும் அவசரகாலச் சட்டம் சட்டமாகத்தான் இருந்தது. சார் விண்ணப்பம் கொண்டு போனார். மோட்டார்களைக் கடையில் வைத்திருப்பவர் நேரில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வைத்திருந்தவர் அண்ணன்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "வேண்டாண்டா. வெளையாட்டுச் சாமானுக்காக அங்க போவியா? போன தடவ நீ எப்ப வருவேன்னு வாசலப் பாத்துப் பாத்தே என் கண்ணு பூத்துப் போச்சு."

அண்ணன் இஸ்திரி போட்ட நீளக் கால்சட்டையை மாட்டிக்கொண்டார். "நீயும் வரியா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

கேரியரில் உட்கார்ந்துகொண்டேன். மண்பாதை பிரியும் இடம் வந்தபோது சைக்கிள் கொஞ்சம் தயங்கியது, பிறகு நேராகப் போனது. வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் இருந்த சார்ஜன் பஞ்சாபிக்காரர். அவருடைய அப்பா எஸ்டேட்டில் காவல்காரராக இருந்தவராம், அதனால் தமிழ் எங்களைப்போலவே பேசினார். அண்ணனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தக் கிராணி வீட்டுப் பையன்தானே? மொத ஆப்பரேசன்ல புடிச்சாந்தது?"

அண்ணன் "ஆமா" என்றார். பையிலிருந்து ஒரு மோட்டாரை எடுத்து நீட்டினார்.

"நானும் அப்ப இங்கதான் இருந்தேன். புதுசு." சார்ஜன் மோட்டாரை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இது எவ்வளோ ஒசரம் போவும்?"

"தெரியலங்க. இன்னும் விட்டுப் பாக்கல."

"எங்க விழும்?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம்."

"அப்ப எங்க விழும்னு ஒனக்கே தெரியாது."

"தெரியாதுங்க."

நான் அண்ணனின் முழங்கையை இடித்தேன். சார்ஜன் சிரித்துவிட்டார். "பொய் சொல்லாம பேசறான் பாரு. எதிர்ல இருக்கற இந்தத் திடல்ல எல்லாரும் பாக்கற மாதிரி விடுங்க. நானும் வருவேன். மோட்டாரு அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும், துப்பாக்கி ரூம்ல பூட்டி வைக்கிறேன். அப்புறம், அது என்ன துணி?"

நான் மாதிரிக்குக் கொண்டுபோன குடையைக் காட்டினேன்.

"செவப்பு வேணாம்மா. வானத்துல செவப்புத் துணி பறந்தா, பாக்கறவன் எவனாவது சுட்டுத் தொலைப்பான். வேற கலரு போடு."

வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்தேன். பட்டைவிட அது லேசாகவும் இருந்தது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிக்குவின் பள்ளிக்கு எதிரில் இருந்த திடலில் ஊரே கூடிவிட்டது. கம்போங்கிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பாய் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஐஸ் உருண்டை விற்பவர் வண்டியைத் திடலுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சார்ஜன் சீருடையில், ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் பிடித்தபடி வந்தார். டின்னுக்குள் மோட்டார்கள்.

போட்டிக்கு இரண்டு விதிகள். எந்த அணியின் ராக்கெட் அதிக உயரம் போகிறதோ அதற்கு ஒரு வெற்றி. எது அதிக நேரம் வானத்தில் தங்குகிறதோ அதற்கு இன்னொன்று. ஆனால் ராக்கெட்டை அந்தந்த அணியே தேடிக் கொண்டுவந்து, உடையாமல் இருக்கிறது என்று காட்டினால்தான் நேரம் கணக்கில் சேரும். தோற்ற அணி ஜெயித்த அணிக்குச் சத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, வாங்கித் தர வேண்டும்.

உயரம் பார்க்கச் சார் ஒரு கருவி செய்திருந்தார். பலகையில் பள்ளிக்கூடக் கோணமானியை ஒட்டி, நடுவிலிருந்து நூலில் ஈயக்குண்டு தொங்கவிட்டிருந்தார். பலகையின் விளிம்பு வழியாக ராக்கெட்டைக் குறிபார்த்து, நூல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அதை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தபோது, சிக்கு என்னைக் காட்டினார். அவள் எதிரணி ஆள் ஆயிற்றே என்று அவருடைய நண்பர்கள் முணுமுணுத்தார்கள். "அவளும் ஒரு சிக்கு. பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள், எங்களுக்கும் சரியாகப் போடுவாள்" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். நான் திடலின் கோடியில் போய்த் தனியாக நின்றேன். பலகை ஆடாமல் இருக்க முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டேன்.

முதலில் மஸ்ஜித் தானா அணி. தரையில் நட்ட கம்பியில் ராக்கெட்டை மாட்டி, சிக்கு திரியைக் கொளுத்திவிட்டு ஓடி வந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சீறல், ஒரு வெள்ளைக் கோடு. பள்ளிக்கூடக் கூரையைத் தாண்டி, தென்னை மரங்களைத் தாண்டிப் போயிற்று. நான் கோணத்தைப் படித்தேன். குடை விரியவில்லை, ராக்கெட் கல்லைப்போல வந்து புல்லில் குத்தியது. உயரம் சேரும், நேரம் சேராது என்று சார் அறிவித்தார்.

எங்கள் முதல் ராக்கெட் மேலே போகவே இல்லை. கம்பியிலிருந்து கழன்று பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பு உயரத்தில் திடலைக் குறுக்கே கடந்து பாய்ந்தது. ஜனங்கள் பாயோடு எழுந்து ஓடினார்கள். ஐஸ் வண்டியின் கீழே புகுந்து, சக்கரத்தில் மோதி நின்றுவிட்டது. ஐஸ்காரர் துருவிய ஐஸைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். ஒருவருக்கும் அடி இல்லை. அண்ணன் சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் பிஸ்கட் டின்னைத் திறந்து அடுத்த மோட்டாரை நீட்டினார்.

"கம்பிய நேரா நட்டுப் பாருய்யா."

சிக்குவின் இரண்டாவது ராக்கெட்டுக்குக் குடை விரிந்தது. அவர் மனைவியின் பழைய பாத்திக் கைலியில் தைத்தது, கனம் கூடுதல், சீக்கிரமே இறங்கிவிட்டது. ஆனாலும் முழுசாகக் கிடைத்தது. கைதட்டினோம்.

பிறகு எங்கள் இரண்டாவது. வெயில் ஏறி, கடல் பக்கமிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. அண்ணன் கம்பியை நட்டு, தட்டிப் பார்த்து, மறுபடி நட்டார். திரி எரிந்தது. அது போன போக்கில் குறிபார்க்கப் பலகையை ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. உச்சியில் ஒரு கணம் அது நின்றதுபோல் இருந்தது. அப்புறம் மஞ்சளாகப் பூத்தது. திடல் முழுவதும் "ஓ" என்றது.

நூலைப் பார்த்தேன். சிக்குவின் முதல் ராக்கெட்டைவிடக் குறைவு. கொஞ்சம்தான் குறைவு. அதை அப்படியே கத்திச் சொன்னேன். அண்ணன் அங்கிருந்து என்னை முறைத்தது தெரிந்தது.

ஆனால் மஞ்சள் குடை இறங்கவில்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. திடலின் ஓரம், சாலை, சாலைக்கு அப்பால் முள்கம்பி வேலி. வேலிக்குள் போலீஸ் ஸ்டேஷன், அதன் பின்னால் போலீஸ்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். குடை மெதுவாகத் தாழ்ந்து அந்தக் கூரைகளுக்குப் பின்னால் மறைந்தது.

நான் பலகையோடு ஓடி வந்தபோது, சார் அண்ணனிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீர் நில்லும் தம்பி. நான் போய் எடுத்திட்டு வாறன்."

"நான் செஞ்சது சார். நான் போறேன்."

"சார்ஜனைக் கூட்டிக்கொண்டு போவம்."

"வேணாம்."

சாலையைக் கடந்து போனார். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் கையை நீட்டி மறித்தார். அண்ணன் கையைக் காட்டி ஏதோ சொன்னார், வானத்தைக் காட்டினார், கூரையைக் காட்டினார். திடலிலிருந்து சார்ஜன் ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. கடைசியில் காவலர் ஒதுங்கினார். அண்ணன் உள்ளே போனார்.

திடலில் பேச்சு தொடர்ந்தது. குழந்தைகள் ஐஸுக்கு அழுதார்கள். எனக்கு அந்த வாசலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ராக்கெட்டை எடுக்க இவ்வளவு நேரமா என்று சாரிடம் கேட்டேன். "வருவார், வருவார்" என்றார் அவர். ஆனால் கையிலிருந்த பென்சிலை ஒடித்துவிட்டார்.

அண்ணன் வந்தபோது தனியாக வரவில்லை. போலீஸ்காரர்களின் பிள்ளைகள் ஒரு பட்டாளம் பின்னால் வந்தது. அவர் சட்டையெல்லாம் துரு, முழங்கையில் சிராய்ப்பு. ஒரு கையில் ராக்கெட், தோளில் மஞ்சள் குடை. ராக்கெட்டின் ஒரு சிறகு பாதி ஒடிந்திருந்தது.

மஸ்ஜித் தானா அணிக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். உடைந்திருக்கிறது, கணக்கில் சேராது என்று ஒருவர் சொன்னார்.

"விழுந்தப்ப ஒடையல" என்று அண்ணன் மலாயில் சொன்னார். "தகரக் கூரை மேல கிடந்தது. ஏறி எடுத்தேன். எறங்கறப்ப என் கை தட்டி ஒடஞ்சது. விழுந்தப்ப முழுசாத்தான் இருந்தது."

"யார் பார்த்தார்கள்?"

யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகள் அவர் இறங்கிய பிறகுதான் ஓடிவந்தார்களாம். எல்லோரும் சார்ஜனைப் பார்த்தார்கள். "நான் இங்கதான நின்னேன், எனக்கென்ன தெரியும்" என்றார் அவர்.

சிக்கு ராக்கெட்டை வாங்கி ஒடிந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு அண்ணனின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். "அவர் சொன்னால் போதும் லா" என்றார். "நேரம் லூபோக் சீனாவுக்கு. உயரம் எங்களுக்கு. யார் யாருக்குச் சத்தே வாங்குவது?"

அண்ணன் அப்போதுதான் கீழே உட்கார்ந்தார். புல்லின் மேல், காலை நீட்டிக்கொண்டு. நான் ஐஸ் உருண்டை வாங்கி வந்து கொடுத்தேன். ரோஜாப்பாகு கை வழியாக வழிய வழியச் சாப்பிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்து கேட்டேன். "ஏண்ணே அவ்வளோ நேரம்?"

"லாக்கப்பு இருக்குல்ல, அந்தக் கூரை மேல விழுந்திருந்துச்சு. ஏணி இல்ல. சன்னல் கம்பியப் புடிச்சுத்தான் ஏறணும்."

எதிரில் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, மறுபடி மிதித்தார்.

"உள்ள பாத்தேன். சைக்கிளு அடுக்கி வச்சிருக்கான். ஒடஞ்ச சைக்கிளு, பழைய டயரு. நான் படுத்திருந்த எடத்துல ஒரு தொடப்பக்கட்டை சாத்தி வச்சிருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.  பிறகு அவரே, "கோணத்த ஒழுங்காப் படிச்சியா நீ? கண்டிப்பா அதுதான் ஒசந்து போச்சு" என்று சண்டைக்கு வந்தார். வீடு வரும்வரை அந்தச் சண்டைதான்.

அம்மா வாசலில் நின்றிருந்தார். சட்டைத் துருவைப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சோப்புக்குப் போகும்?" என்று மட்டும் கேட்டார்.

சத்தே கணக்கு அடுத்த வாரம் தீர்ந்தது. இரண்டு அணியும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சாருக்கு மாட்டிறைச்சி ஆகாது, எங்களுக்கும் ஆகாது, சிக்கு கோழியாகச் சொல்லி வைத்திருந்தார். சார்ஜனும் சாதாரணச் சட்டையில் வந்து உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும்விட அதிகம் சாப்பிட்டார்.

மறு வருஷம் சிம்பாங் அம்பாட்டில் போட்டி வைத்தோம். சாருக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்திருந்ததால், கணக்குப் போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. கூட்டம் வந்தது, மோட்டார்களும் வந்தன. முதல் ராக்கெட்டுக்குத் திரி வைக்கும்போது மழை பிடித்தது. பக்கத்தில் பந்தல் போட்ட ஒரு கடையில் ஒதுங்கி, ஈரக் காகிதக் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு, சிக்குவும் அண்ணனும் அடுத்த ராக்கெட்டுக்கு வால் சிறகு மூன்று போதுமா, நான்கு வேண்டுமா என்று வாதாடினார்கள். மழை விடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் இருவரையும் எழுப்பினேன்.